கிளம்பாத லாரியும் தருமலிங்கம் அண்ணனும்

செய்தி வந்தபோது நான் ஆக்லாந்தின் எல்லர்ஸ்லி அலுவலகத்தில் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். புதன்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். எங்கள் மென்பொருள் ஒன்று ஏன் பாதியில் நின்றுபோகிறது என்று ஆறு பேர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். கைபேசியில் பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரி அக்காவின் பெயர் வந்தது. வேலை நேரத்தில் அவர் அழைக்கவே மாட்டார். எழுந்து வெளியே வந்து எடுத்தேன்.

"தங்கச்சி, இவர் போயிட்டார்" என்றார். "காலமை தேத்தண்ணி குடிச்சவர். கப்பைக் கழுவி வைச்சிட்டுத்தான் போய்ப் படுத்தவர்."

அவர் அழவில்லை. நானும் அப்போது அழவில்லை. பதினொரு ஆண்டுகள் பக்கத்து வீட்டில் இருந்த மனிதர் போய்விட்டார் என்று கேட்டதும் என் மனதில் முதலில் வந்தது துக்கம்கூட இல்லை. அவரிடம் நான் சொன்ன பொய்யை இனித் திருத்த முடியாது என்பதுதான் வந்தது. அதை நினைத்து வெட்கப்பட்டேன். எங்கள் தமிழ்ச் சங்க மலருக்கு நீதான் அஞ்சலி எழுத வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, அந்தப் பொய்யையும் சேர்த்துத்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். பரமேஸ்வரி அக்காவிடம் அனுமதி வாங்கியே எழுதுகிறேன்.

தருமலிங்கம் அண்ணனை உங்களில் பலர் பேருந்து ஓட்டுநராக அறிவீர்கள். ரானுயி, ஹெண்டர்சன் பக்கத்துப் பாதைகளில் ஓய்வு பெறும்வரை ஓட்டினார். கோயில் திருவிழா நாட்களில் மஞ்சள் அங்கி மாட்டிக்கொண்டு, யார் காரை எங்கே நிறுத்துவது என்று கை காட்டியவரும் அவர்தான். ஒல்லியான, உயரமான மனிதர். பேச்சு குறைவு. யாராவது பேசினால் தலையைச் சற்றுச் சாய்த்து, ரேடியோவில் அலைவரிசை பிடிப்பவரைப் போலக் கேட்பார். சொந்தக் காரில் போகும்போது சிவப்பு விளக்கு விழுந்தால் எஞ்சினையே அணைத்துவிடுவார். பச்சை விழுந்த பிறகு சாவியைத் திருப்புவார். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடித்து ஓய்வார்கள். "எரிபொருளைச் சேமிக்கிறாராம், பெரிய சுற்றுச்சூழல்வாதி" என்று நாங்கள் எல்லோரும் கேலி செய்திருக்கிறோம். அவரும் கூடவே சிரிப்பார்.

நான் ரானுயிக்குக் குடிவந்த முதல் சனிக்கிழமை, சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பின்கட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. சற்று இடைவெளி. மறுபடியும் சுற்றுகிறது. அடுத்த சனிக்கிழமையும் அதே. அதற்கடுத்ததும் அதே. நான் நாமக்கல்காரி. அப்பாவுக்கு டீசல் பம்ப் பட்டறை. வீட்டுப்பாடம் எழுதியதைவிட இன்ஜெக்டர் கழுவியதே அதிகம். பொறுமையும் எனக்குக் கிடையாது. என் கணவருக்கு அது தெரியும், ஆக்லாந்தில் பாதிப் பேருக்கும் தெரியும். மூன்றாவது சனிக்கிழமை அடுப்பை அணைத்துவிட்டு, கையில் தோசைக் கரண்டியோடு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

ஃபெய்ஜோவாப் பழ மரத்தடியில் ஒரு பழைய ஜப்பான் லாரி நின்றது. நீல நிற முன்பக்கம், பின்னால் பலகைத் தளம். பலகையில் பாசி பிடித்திருந்தது. முன்பக்கத்தைத் தூக்கி வைத்துவிட்டு அவர் அருகில் நின்றிருந்தார்.

"அண்ணா, நான் பக்கத்து வீடுங்க. பேட்டரியைச் சாகடிக்காதீங்க. அதுக்கு டீசல் போகலைங்க" என்றேன்.

"ஓம் தங்கச்சி, தெரியும்."

"தெரிஞ்சுட்டேவா அடிச்சுட்டு இருக்கீங்க?"

"சத்தத்தைக் கேக்கிறன்" என்றார்.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. கேட்காமலே ஸ்பேனரை எடுத்தேன். குழாயில் காற்று புகுந்திருந்தது. நட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, குமிழி போகும்வரை டீசலை வெளியே விட்டு, மறுபடி இறுக்கினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முன்பக்கத்தை இறக்கி, ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு எஞ்சின் பிடித்தது. எங்கோ ஒரு வீட்டு நாய் குரைத்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பாராட்டுக்காக நின்றேன்.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு கையை உள்ளே விட்டு எஞ்சினை நிறுத்தினார்.

"இது அது இல்லை" என்றார். எனக்கு நன்றி சொன்னார், டீ குடிக்கிறீர்களா என்று கேட்டார், அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை லாரி மறுபடியும் கிளம்பவில்லை. இந்த முறை வடிகட்டி அடைத்திருந்தது. அதைச் சரி செய்தேன். அதற்கடுத்த வாரம் இன்னொரு கோளாறு. நான்காவது முறை நட்டின் தலையில் புதிதாக ஸ்பேனர் பிடித்த தடம் இருப்பதைப் பார்த்தேன். துருப்பிடித்த எஞ்சினில் அந்த ஒரு நட்டு மட்டும் பளிச்சென்று இருந்தது.

"அண்ணா, நீங்களே கழட்டி விட்டுட்டு, நீங்களே ஸ்டார்ட் ஆகலைன்னு நிக்கறீங்களா? என்னை என்ன பைத்தியக்காரின்னு நெனச்சீங்களா?" என்று கத்தினேன். கத்தியது இரண்டு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

பரமேஸ்வரி அக்கா டீயோடு வெளியே வந்தார். கணவரைப் பார்த்து, "சொல்லுங்கோவன். எவ்வளவு காலத்துக்குத் தனியச் செய்யப்போறியள்?" என்றார். அண்ணன் லாரியின் படியில் உட்கார்ந்தார். அன்றுதான் சொன்னார்.

ஊரில் அவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் லாரி ஓட்டியவர். இதே மாதிரி லாரி. போர் நெருங்கி, ஊரில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேற வேண்டி வந்த நாளில், மழையில், இருபத்தாறு பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். பரமேஸ்வரி அக்கா அப்போது வயிற்றில் மகளோடு இருந்தார்.

"அந்த நேரம் டீசல் இல்லை, தங்கச்சி. மண்ணெண்ணெய்க்குள்ள தேங்காயெண்ணெய் விட்டுக் கலந்துதான் ஓடுறது. அதாலை லொறி ஒரு நிமிசம் நிண்டாலும் எஞ்சினை நிப்பாட்டிப்போடுவம். எல்லா ட்றைவர்மாரும் அப்பிடித்தான். ரோட்டு முழுக்கச் சனம். லொறி அரையடி போகும், நிக்கும். நிக்க நிக்க நான் நிப்பாட்டுவன், பிறகு ஸ்டார்ட் பண்ணுவன். பாலத்துக்குக் கிட்ட வரேக்கை திரும்பவும் நிப்பாட்டினன். அதோட ஸ்டார்ட் வரேல்லை."

பின்னால் வந்த வண்டிகள் சத்தம் போட்டன. கால் மணி நேரம் பார்த்தார். முடியவில்லை. ஆண்கள் சேர்ந்து லாரியைத் தெருவோரமாகத் தள்ளி விட்டார்கள். எல்லோரும் இறங்கி மழையில் நடந்தார்கள். இரண்டு பேரால் மட்டும் நடக்க முடியவில்லை. ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர், அவருடைய மனைவி. அந்த அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது.

"ஐயாதான் சொன்னவர், 'நீ பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு போ தம்பி. நாங்கள் லொறிக்குள்ள இருக்கிறம், மழை படாது' எண்டு. துறப்பையும் கேட்டு வாங்கினவர். 'சும்மா இருக்கிற நேரம் நானும் திருப்பித் திருப்பிப் பாக்கிறன்' எண்டு சிரிச்சவர்."

துறப்பு என்று அவர் சொன்னது சாவியை. மனைவியைப் பாலத்துக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, மறுநாள் மதியம் அண்ணன் திரும்பிப் போனார். பாதையை மூடிவிட்டார்கள். பாலத்தைத் தாண்ட யாரையும் விடவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு, அந்த லாரி அங்கே இல்லை என்று ஒருவர் சொன்னார். எரிந்து கிடக்கிறது என்றார் மற்றொருவர். அந்தக் கிழவரையும் மனைவியையும் ஏதோ ஒரு முகாமில் பார்த்ததாக மூன்றாவது ஒருவர் சொன்னார். அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. போஸ்ட்மாஸ்டர் என்றே எல்லோரும் அழைத்ததால் அவர் பெயர்கூட அண்ணனுக்குத் தெரியாது.

"எனக்கு அந்த எஞ்சினுக்கு என்ன பிழையெண்டு தெரியோணும், தங்கச்சி. பெரிய பிழையெண்டால் ஆர் நிண்டிருந்தாலும் ஒண்டும் செய்திருக்கேலாது. சின்னப் பிழையெண்டால்..." என்றவர், டீக் கோப்பையைக் கீழே வைத்தார். அந்த வாக்கியத்தை அவர் அன்றும் முடிக்கவில்லை, பிறகும் ஒருநாளும் முடிக்கவில்லை.

அதே வகை லாரியைத் தேடி, ஆக்லாந்துக்கு வடக்கே ஒரு பண்ணையில் கண்டுபிடித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். ஒவ்வொரு கோளாறாக அவரே உண்டாக்குவார். சாவியைத் திருப்பி, அன்று கேட்ட சத்தம்தானா என்று கேட்பார். அன்று பார்த்த அடையாளங்கள்தானா என்று பார்ப்பார். என் அலுவலகத்தில் எங்களுக்கும் இதுதான் வேலை. கோளாறு தெரிய வேண்டுமானால் முதலில் அதே கோளாறை மறுபடி வரவழைக்க வேண்டும். அதனால் அவர் செய்வது எனக்கு உடனே புரிந்தது. அன்று முதல் சனிக்கிழமை காலைகளில் நானும் அந்த லாரியடியில்தான். என் வீட்டில் தோசை பத்து மணிக்கு மேல்தான்.

அவருடைய ஞாபகம் பயமுறுத்தும் அளவுக்குத் துல்லியமானது. ஸ்டார்ட்டர் பலமாகச் சுற்றியது, ஆகவே பேட்டரியில் குறையில்லை. புகை துளிகூட வரவில்லை. கைப்பம்பு இறுக்கமாக இருந்தது. வடிகட்டியின் திருகைத் தளர்த்தியபோது எண்ணெய் குமிழி இல்லாமல் வந்தது. ஆனால் எஞ்சினுக்குள் போகும் குழாயின் நட்டைத் தளர்த்தியபோது ஒரு சொட்டும் வரவில்லை. இதையெல்லாம் கொட்டும் மழையில், முதுகுக்குப் பின்னால் ஜனங்கள் கத்த, கால் மணி நேரத்தில் பார்த்திருக்கிறார். எங்கள் பட்டறையில் இப்படி ஒரு ஆள் இருந்திருந்தால் அப்பா விட்டிருக்க மாட்டார்.

இந்த ஆண்டுகளில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹெண்டர்சனில் ஒரு கல்யாண விருந்து. அண்ணனும் அக்காவும் வரவேயில்லை. மாலையில் நான் வீடு திரும்பும் வழியில் பார்த்தால், கடைத்தெருக் கார் நிறுத்துமிடத்தில் பட்டு வேட்டியோடு ஒரு காரின் அடியில் படுத்திருக்கிறார். யாரோ முன்பின் தெரியாத பெண்ணின் கார். கிளம்பவில்லையாம். பழுது பார்க்கும் வண்டி வந்துகொண்டிருக்கிறது, நீங்கள் போங்கள் என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் கெஞ்சியிருக்கிறாள். இவர் நகரவில்லை. அக்கா காருக்குள் உட்கார்ந்து பசியோடு முறைத்துக்கொண்டிருந்தார். "சாப்பாடு முடிஞ்சுதோ?" என்று அண்ணன் காருக்கு அடியிலிருந்து என்னைக் கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். "அப்ப சரி" என்று வேலையைத் தொடர்ந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

கோளாறுகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. காற்று இல்லை, ஏனென்றால் காற்றென்றால் குமிழி வரும். வடிகட்டி இல்லை, அடைத்திருந்தால் எண்ணெய் அப்படி வராது. கடைசியில் இரண்டுதான் மிஞ்சின. டீசல் பம்பு வரை வருகிறது, பம்புக்கு அப்பால் போகவில்லை. அப்படியென்றால் ஒன்று, பம்பின் உள்ளே இருக்கும் ஷாஃப்ட் உடைந்திருக்க வேண்டும். அது நடுத்தெருவில் யாராலும் சரி செய்ய முடியாதது. இல்லையென்றால் எஞ்சினை நிறுத்தும் லீவர் நிறுத்திய இடத்திலேயே சிக்கியிருக்க வேண்டும்.

பழைய டீசல் லாரிகளை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவற்றைச் சாவியால் நிறுத்த முடியாது. டாஷ்போர்டில் ஒரு குமிழ் இருக்கும். அதை இழுத்தால் ஒரு கம்பி போய்ப் பம்பின் லீவரைத் திருப்பி எண்ணெயை அடைக்கும், எஞ்சின் நிற்கும். குமிழை உள்ளே தள்ளினால் லீவரில் இருக்கும் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். "குமிழை உள்ள தள்ளினனான். சத்தியமா தள்ளினனான்" என்று அண்ணன் நூறு முறை சொல்லியிருக்கிறார். நானும் நம்பினேன். எனவே ஷாஃப்ட்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. அந்த எஞ்சினில் அவர் கை படாத திருகு கிடையாது. அந்த லீவரை மட்டும் ஒருநாளும் தொட்டதில்லை. அந்தப் பக்கம் துணி போட்டுத் துடைக்கக்கூட மாட்டார்.

போன கோடையில் அவருக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. பின்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் என் சைக்கிளுக்கு டியூப் மாற்றிவிட்டுப் பழையதைக் குப்பையில் போடப் போனேன்.

"எறியாதேங்கோ தங்கச்சி. அங்க எங்களுக்குச் சைக்கிள் ரியூப்தானே எல்லாம். வாளிக்கு, கதவுக்கு, செருப்புக்கு, எல்லாத்துக்கும் வெட்டிக் கட்டுறது. லொறியின்ரை அந்த லீவருக்கும் ஸ்பிரிங் முறிஞ்சு போச்செண்டு ரியூப் துண்டுதானே கட்டி இழுத்து..."

அங்கே நிறுத்தினார். தாம் சொன்னதைத் தாமே கேட்டவராக என்னைப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

டியூபை நான் குப்பையில் போடவில்லை. ரப்பரில் மண்ணெண்ணெய் பட்டால் ஊதித் தொளதொளத்துப் போகும் என்பது பட்டறையில் வளர்ந்த எனக்குத் தெரியாதா? டீசலுக்குப் பதில் மண்ணெண்ணெய் ஓடிய பம்பு. பழைய பம்பென்றால் கட்டாயம் கசியும். அரையடிக்கு ஒருமுறை நிறுத்தி, நிறுத்திக் கிளப்பியதில் அந்த ரப்பர் எத்தனை முறை இழுபட்டிருக்கும்! குமிழை அவர் உள்ளே தள்ளியிருப்பார். கம்பி வளைந்திருக்கும். லீவர் திரும்பி வந்திருக்காது.

இருந்தாலும் ஊகம் ஊகம்தான். டியூபிலிருந்து ஒரு துண்டு வெட்டி, ஊறுகாய்ப் பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு வாரம் ஊறப் போட்டேன். அந்த வாரமே அண்ணனை மருத்துவமனையில் சேர்த்தார்கள். சனிக்கிழமை காலை, லாரியின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு அந்த ரப்பரைக் கட்டினேன். குமிழை இழுத்தேன், உள்ளே தள்ளினேன், சாவியைத் திருப்பினேன். பலமாகச் சுற்றியது. புகை இல்லை. கைப்பம்பு இறுக்கம். குமிழி இல்லாத எண்ணெய். குழாய் நட்டில் ஒரு சொட்டும் இல்லை. அவர் முப்பது ஆண்டுகளாக நினைவில் வைத்திருந்த அத்தனையும் அப்படியே என் முன்னால் நின்றது.

பிறகு லீவரை ஒரு விரலால் தள்ளிவிட்டுத் திருப்பினேன். உடனே பிடித்தது.

ஒரு விரல். சுண்டுவிரல்கூடப் போதும். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். எனக்குத் தெரியாத ஒரு போஸ்ட்மாஸ்டர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பக்கத்தில் அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். கண்ணை மூடினாலும் தெரிந்தது, திறந்தாலும் தெரிந்தது. எழுந்து எஞ்சினை நிறுத்தி, ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டினேன். ரப்பரைப் பிளேடால் துண்டு துண்டாக வெட்டினேன். வீட்டுக் குப்பையில் போட மனம் வராமல், ரானுயி ரயில் நிலையம் வரை நடந்துபோய் அங்கே இருந்த தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். கொலை செய்தவள் கத்தியை ஒளிப்பதுபோல இருந்தது.

அன்று மதியம் மருத்துவமனைக்குப் போனேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். வழக்கமாக அப்படிப் பிடிக்கிறவர் இல்லை.

"காலமை லொறி ஸ்டார்ட் வந்த சத்தம் கேட்டதெண்டு பரமேசு சொன்னா" என்றார்.

"ஆமாங்கண்ணா. ஓட்டாமயே வச்சா பேட்டரி போயிருமேன்னு."

"கண்டுபிடிச்சிட்டியளோ?"

எனக்கு அரை நொடிதான் இருந்தது. "பம்புக்குள்ள ஷாஃப்ட்தாங்கண்ணா உடைஞ்சிருக்கோணும். கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். வேற வழியே இல்லீங்க."

"அப்ப, நான் அங்கேயே நிண்டிருந்தாலும்?"

"ஒரு வாரம் நின்னிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுங்க. எங்கப்பாவே வந்திருந்தாலும் முடியாது."

அவர் என் கையை விடாமல் கண்ணை மூடிக்கொண்டார். "ஓம்" என்றார். பிறகு, "பெரிய உதவி, தங்கச்சி" என்றார். வெளியே வந்து மின்தூக்கியில் நிற்கும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். ஒரு மனிதனின் தலையிலிருந்து முப்பதாண்டுப் பாரத்தை இறக்கி வைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் லாரிப் பக்கமே போகவில்லை. சனிக்கிழமைகள் அமைதியாகிவிட்டன. வேலிக்கு அப்பாலிருந்து கை காட்டுவார், பழம் விழுந்தால் பையில் போட்டு அனுப்புவார். அந்த அமைதிதான் என்னை வாட்டத் தொடங்கியது. அவருக்குக் கேட்ட ஸ்டார்ட்டர் சத்தம் இப்போது எனக்குக் கேட்கத் தொடங்கியிருந்தது. அலுவலகத்தில், ரயிலில், குளிக்கும்போதுகூடக் கேட்டது. யாரிடமும் சொல்லவில்லை. அப்படியே ஐந்து மாதம் போனது. பிறகு அந்தப் புதன்கிழமை வந்தது.

இறுதிச் சடங்கில் பலரும் பேசினார்கள். நல்ல ஓட்டுநர், நல்ல தொண்டர், சிவப்பு விளக்கில் எஞ்சினை அணைப்பவர். கூட்டம் சிரித்தது. நான் பேச மறுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் அண்ணனின் மகள் நிலானி லாரியை எடுத்துப்போக ஆள் ஏற்பாடு செய்தாள். "ஆன்ட்டி, இட்ஸ் ஜஸ்ட் அ ட்ரக். அம்மா டெய்லி அதைப் பார்த்து அழுறா" என்றாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. பழைய வண்டிகளை ஏற்றிப்போகும் பெரிய வண்டி தெருவில் வந்து நின்றது. லாரியை ஓட்டிக்கொண்டுபோய் அதன் மேல் ஏற்ற வேண்டும். அதை ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஏறப்போகும்போது பரமேஸ்வரி அக்கா என் தோளைத் தொட்டார்.

"உங்களுக்கு ஒண்டு சொல்லோணும் தங்கச்சி. செத்த வீட்டுக்குள்ள சொல்லக்கூடாதெண்டு வைச்சிருந்தனான். ஆஸ்பத்திரியால வந்தண்டைக்கு இவர் சொன்னவர், 'தங்கச்சி கண்டுபிடிச்சிட்டா. எனக்குப் பொய் சொல்லிப்போட்டா. அவவின்ரை கையில மண்ணெண்ணெய் மணத்தது. இஞ்ச ஆர் மண்ணெண்ணெய் தொடுறது?' எண்டு."

நான் லாரியின் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"தனக்கு அது எப்பவோ தெரியுமாம். பள்ளிக்கூடத்தில என்னை இருத்திப்போட்டு, நனைஞ்ச உடுப்போட நிக்கேக்கையே நினைவு வந்திட்டுதாம். அந்த லீவரைத்தான் பாக்கேல்லை எண்டு. வேற ஏதும் பிழையா இருக்கக்கூடாதோ எண்டுதான் இவ்வளவு காலமும் தேடினவராம். 'திருப்பிக் கேட்டிருந்தால் அவ உண்மையைச் சொல்லியிருப்பா. நான்தான் கேக்கேல்லை' எண்டவர். பிறகு அழுதவர் தங்கச்சி, கலியாணம் முடிச்சு இத்தனை வரியத்தில நான் அவர் அழுது பாக்கேல்லை. 'பாவம், இனி அவவும் அந்த ரெண்டு பேரையும் பாத்துக்கொண்டெல்லோ இருக்கப்போறா' எண்டு உங்களுக்காகத்தான் அழுதவர்."

ஏறி உட்கார்ந்தேன். குமிழ் உள்ளே இருந்தது. சாவியைத் திருப்பினேன். ஐந்து மாதம் யாரும் தொடாத எஞ்சின், முதல் சுற்றிலேயே பிடித்தது.

கியரைப் போட்டேன். பக்கக் கண்ணாடியில் பின்தளம் தெரிந்தது. வெறும் பலகை, பாசி, சில ஃபெய்ஜோவா இலைகள். என்னால் கிளட்சிலிருந்து காலை எடுக்க முடியவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. வண்டி கொண்டுவந்தவர் கையை ஆட்டி, எதற்காக நிற்கிறீர்கள், யாராவது வர வேண்டுமா என்று கேட்டார். ஆமாம், இரண்டு பேர் என்று என் வாயில் வந்துவிட்டது.

இதைப் படிப்பவர்கள் பல நாடுகளில் இருப்பீர்கள். பாலத்துக்குக் கிட்டே, மழையில், தெருவோரமாக நின்ற ஒரு கூட்டுறவுச் சங்க லாரியில் உட்கார்ந்திருந்த வயதான போஸ்ட்மாஸ்டரையும் அவர் மனைவியையும் பற்றி உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கலாம். அன்று யாராவது அந்த வழியாக வந்து, அந்த லீவரைத் தள்ளி விட்டிருக்கலாம். அல்லது யாருமே வராமல் போயிருக்கலாம். எதுவானாலும் சங்கத்துக்கு எழுதுங்கள், எனக்கு வந்து சேரும். எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம்.

தருமண்ணா, உங்களிடம் உண்மையைச் சொல்லாததற்கு என்னை மன்னித்துவிடுங்கள். நீங்கள் கால் மணி நேரம் பார்த்தீர்கள். அந்த மழையில், அந்தக் கூச்சலில் வேறு எவராக இருந்தாலும் ஐந்து நிமிடத்தில் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இதை நான் மருத்துவமனையிலேயே சொல்லியிருக்க வேண்டும். இது பொய் இல்லை. நீங்கள் போய் வாருங்கள் அண்ணா. அந்த இருவரையும் இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.